சாமி ஒயர்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூக்குக் கண்ணாடியும் ஓய்வூதியமுமாக இருப்பார்கள். எனக்கு இரண்டும் கிடையாது. பழங்காநத்தத்துப் பட்டறையை விட்டுவிட்டு மின்வாகனப் பயிற்சி தரும் வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆள் என்று என்னைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான்.

மீட்டரை எப்படிப் பிடிப்பது, ரிலேயை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றைப் போனில் பார்த்து என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். போனில் கிடைக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால், மின்சாரம் படிக்காதவர்களும் உங்களில் இருப்பதால், எர்த் பற்றி நாலு வரி.

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு ஒயர் போகிறது. பழைய காரில் பெரும்பாலும் ஒன்றுதான் போகும். திரும்பி வருகிற வழி காரின் தகரம். பானெட்டு, கதவு, தரை, சீட்டை இறுக்கியிருக்கும் போல்ட்டு எல்லாமே எர்த். அதில் ஓரிடத்தில் துருப்பிடித்துவிட்டால் கரண்ட் நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். நிற்காது. வேறு வழி தேடும். கணக்கு வாத்தியார் ஒருவர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மங்குகிறது, பிரேக்கை மிதித்தால் ரேடியோ கரகரக்கிறது. வீட்டில் திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். டிக்கிக்குள் ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது. வாத்தியார் முகம் வாடிவிட்டது. “இம்புட்டுதானா தம்பி?” என்றார். பூசணிக்காய்க்குத் தகுந்த பெரிய கோளாறாக எதிர்பார்த்திருப்பார் போலும்.

இந்தக் கதையை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அடுத்ததைச் சொன்னதில்லை.

சரவணன் என்னோடு பொறியியல் படித்தவன். விடுதியில் ஒரே அறை. ஊர் மதுரைக்கு மேற்கே, டி. கல்லுப்பட்டிப் பக்கம். தோட்டம், கிணறு, பம்புசெட்டு என்று வசதியான குடும்பம். அவன் அம்மா அவனுக்கு அனுப்பும் எலுமிச்சை ஊறுகாயில் எனக்கென்று தனி பாட்டில் வரும். மூடியில் என் பெயரை ஒட்டியிருப்பார். அதை எடுத்துத் தின்றதற்காகச் சரவணன் ஒருமுறை அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

அந்த அம்மாதான் காருக்குள் எரிந்துபோனார்.

நடந்தது இதுதான். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தின் பழைய டீசல் கார். ஓட்டியது வீரணன். ஊருக்குக் கிழக்கே காலனியில் குடியிருப்பவர், அந்த வீட்டில் நெடுநாளாக வண்டி ஓட்டுபவர். வழியில் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, சோடா வாங்கி வா என்று அம்மா சொல்ல, வீரணன் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து கடைக்குப் போனார். அம்மா பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். கடைக்காரர் சோடாவை உடைக்கும்போது வீரணன் திரும்பிப் பார்த்தார். காருக்குள் புகை. ஓடிவந்து கண்ணாடியைக் கையால் உடைத்து, அம்மாவை இழுத்து வெளியே போட்டார். கடைக்காரரும் வயலில் நின்றவர்களும் மண்ணையும் தண்ணீரையும் கொட்டி அணைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து இறந்துபோனார். வீரணனின் இரண்டு கையும் வெந்துபோயிருந்தன.

காரியம் முடிந்த கையோடு சரவணன் எனக்குப் போன் செய்தான்.

“மாப்ள, நீ வந்து ஒரு தடவை வண்டியப் பாரு. பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் வீரணன் பீடியப் போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்றாக. இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாக. சாவி அவன் பையிலதான் இருந்திருக்கு. சாவி இல்லாம கரண்டு எப்படி வரும்? அத நீ சொல்லிட்டா போதும்.”

“பாக்காம எப்படிறா சொல்றது?”

“பாத்துட்டே சொல்லு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “வீரணன்தான்னு ஆயிருச்சுன்னா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் மாப்ள.”

கல்லூரிக் காலத்தில் அவன் வீரணனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவர் வண்டியோடு எங்கள் விடுதி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டான். அன்று போனில் வெறும் பெயர்தான் வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். எரிந்த காரை இழுத்து வந்து அவர்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்காளிகள். நடுவில் சரவணனின் பெரியப்பா. கோயில் காரியம் முதல் வரப்புத் தகராறு வரை அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. ஏற்கெனவே போலீஸ் அனுப்பிய அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, இவ்வளவு எரிந்த வண்டியில் என்ன சொல்ல முடியும் என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். அதனால்தான் நான். மொட்டையடித்த தலையோடு சரவணன் என் கையைப் பிடித்தான்.

பெரியப்பா தனக்கு வேண்டியதை ஒளிக்கவில்லை. வண்டி நின்றிருந்தது, சாவி வெளியே இருந்தது, ஆகவே கரண்ட் இல்லை, ஆகவே தீ கரண்டால் வரவில்லை. படித்தவன் வாயால் இதைச் சொன்னால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம். “நீங்க சொல்றதுக்குள்ள டீ வந்துரும்” என்றார்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு நாற்காலி வட்டத்துக்கு நடுவில் நிற்பீர்கள். பதில் தயாராக இருக்கும், உங்கள் தலையாட்டல் மட்டும்தான் பாக்கியாக இருக்கும். அந்த இடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், டீ வருவதற்கு முன்னால் காருக்குள் தலையை விட்டதுதான்.

உள்ளே நாற்றம் இன்னும் இருந்தது. வெறும் பஞ்சும் பெயிண்டும் எரிந்த நாற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எரிந்த வண்டியைப் பார்க்கும்போது எரிந்த இடத்தை முதலில் பார்க்காதீர்கள். அது கண்ணை இழுக்கும், ஒன்றும் சொல்லாது. எரியாமல் மிஞ்சியதைப் பாருங்கள். டிரைவர் சீட்டின் அடிப்பஞ்சு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே மிதியடி ஓரம் மட்டும் கருகியிருந்தது. பீடி விழுந்திருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும், அங்கிருந்துதான் பரவியிருக்கும். பின் சீட்டுப் பக்கம் தரைத்தகரம் வரை ஒன்றுமே மிஞ்சவில்லை. தீ பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது. அதுவும் மேலிருந்து கீழே அல்ல, கீழேயிருந்து மேலே.

சாம்பலைத் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளினேன். தரைத்தகரத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கோடு, முன்னாலிருந்து பின்னால் நேராக ஓடியது. மிதியடிக்குக் கீழே ஏதோ ஒன்று நீளமாகச் சூட்டில் பழுத்துக் கிடந்திருக்கிறது. கோட்டின் மேலேயே துண்டு துண்டாகச் செம்புக் கம்பி.

பானெட்டைத் திறந்தேன். முன்பக்கம் அவ்வளவாக எரியவில்லை. பேட்டரி புதிது. பாசிட்டிவ் டெர்மினலில் கம்பெனி போட்ட தடித்த கேபிளோடு இன்னொரு ஒயரின் வாலும் இறுக்கப்பட்டிருந்தது. வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரண ஒயர். பியூஸ் இல்லை, சுவிட்சும் இல்லை. நேராக பேட்டரியிலிருந்து கிளம்பி, கிளச்சுப் பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே போய், மிதியடிக்கு அடியில் படுத்துக்கொண்டு பின் சீட்டுவரை போயிருக்கிறது. சாவி யார் பையில் இருந்தாலும் இந்த ஒயரில் எந்நேரமும் கரண்ட் இருக்கும்.

பின் சீட்டுக்குக் கீழே அது முடிந்த இடத்தில்தான் என் கை நின்றது. அங்கே சீட் பெல்ட் மாட்டும் போல்ட்டு ஒன்று உண்டு. மற்ற போல்ட்டுகளின் தலையில் தீய்ந்த பெயிண்ட் ஒட்டியிருந்தது. இதில் மட்டும் இல்லை. யாரோ எர்த்துக்காக எப்போதோ அரத்தால் சுரண்டி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் உருகிய ஒரு பள்ளம். ஒயரின் நுனியில் உருகி உருண்ட செம்பு மணி. தீ பட்டாலும் செம்பு உருகும், ஆகவே மணியை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள். நானும் சொல்லவில்லை. காரின் மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாவி எடுத்துவிட்டால் உயிர் இல்லாத ஒயர்கள் அவை. ஒன்றிலும் மணி இல்லை. போல்ட்டின் பள்ளமும் நுனியின் மணியும் மட்டும்தான் ஒன்றுக்கு ஒன்று பொருந்தின.

எழுந்து சரவணனிடம் பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, அதுவும் வண்டியைக் கழுவிய மறுநாள் கட்டாயம் இறங்குகிறது என்று வீரணன் சொல்லிக்கொண்டே இருந்தாராம். புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

இதை எங்கேயாவது பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். பேட்டரி இறங்கினால் பேட்டரியை மாற்றாதீர்கள். அது எங்கே போகிறது என்று பாருங்கள். ஒயரின் நுனியில் சுற்றியிருந்த டேப்பு நம் ஊர் வெயிலில் பசை உருகித் தளர்ந்து, ஈரம் பட்டபோதெல்லாம் அந்த வெள்ளைப் போல்ட்டுக்குள் கரண்ட் கசிந்திருக்கிறது. பழைய பேட்டரி கசிவோடு போயிற்று, எரிப்பதற்கு அதற்குத் தெம்பு இல்லை. புதியதற்கு இருந்தது. அம்மா காலை நீட்டிச் சாய்ந்தபோது சீட்டின் ஸ்பிரிங் அழுத்தி நுனி முழுதாகப் போல்ட்டில் பட்டிருக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால்வரை ஒயர் மொத்தமும் பழுத்திருக்கும். காரிலேயே நல்ல எர்த் அந்த இடம்தான்.

இவ்வளவுதான் என்றால் இதை நான் எழுதவே வேண்டியதில்லை. அந்த ஒயரில் நடுவே ஒரு இணைப்பு இருந்தது.

நீளம் போதாமல் இரண்டு துண்டைச் சேர்த்திருந்தார்கள். உறை எரிந்துபோய்ச் செம்பு மட்டும் வடிவம் கலையாமல் கிடந்தது. சும்மா முறுக்கிவிட்ட இணைப்பல்ல அது. இழைகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, இரண்டு பக்கமும் சுற்றிய இணைப்பு. முதலாண்டு ஒயரிங் லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதில் கடைசிச் சுற்றை மட்டும் எதிர்ப்பக்கம் மடக்கி அழுத்தியிருந்தது. அப்படி மடக்கக் கூடாது என்று லேபில் ஒருவன்தான் வாரம் தவறாமல் திட்டு வாங்குவான். அவனுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது.

இணைப்பைத் தரையில் இருந்த இடத்திலேயே வைத்தேன். நிமிர்ந்தபோது சரவணன் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ வந்திருந்தது. பெரியப்பா, “என்ன தம்பி?” என்றார்.

தீ இந்த ஒயரிலிருந்துதான் வந்திருக்கிறது என்றேன். சாவி இல்லாமலும் இதில் கரண்ட் இருக்கும் என்பதை விளக்கினேன். டிரைவர் சீட்டுப் பஞ்சைக் காட்டினேன். பீடி இல்லை என்றேன். பிறகு, இந்த ஒயர் எதற்கு என்று கேட்டேன்.

“அது சாமி ஒயருல்ல” என்றார் சித்தப்பா ஒருவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அவர்கள் குலதெய்வம் காட்டுக்குள் இருக்கிறது. கோயிலுக்கு மின் இணைப்பு கிடையாது. சிவராத்திரிக்கு மொத்தப் பங்காளிகளும் கூடும்போது காரை வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்துதான் விளக்கும் மைக் செட்டும் ஓடும். ஒயரைச் சாமி காலடியில் மஞ்சள் வைத்து எடுத்துத்தான் இழுப்பார்கள். முடிந்ததும் பிடுங்குவதில்லை. அடுத்த வருசத்துக்கு வேண்டும், சாமிக்கு எடுத்ததை வீட்டில் கண்ட இடத்தில் போடவும் கூடாது. நுனியில் டேப்பைச் சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகிவிடுவார்கள். சித்தப்பா இதையெல்லாம் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் யாருக்கும் அது ஒயராகவே தோன்றியதில்லை.

பெரியப்பா டீயைக் கீழே வைத்தார்.

“சரி. பீடி இல்ல. ஒயருதான். வண்டி யாரு பொறுப்புல இருந்துச்சு? வீரணன் பொறுப்புல. அப்ப ஒயரயும் அவன்தான் மாட்டிருப்பான். அரைகுறையா மாட்டிட்டு விட்டுட்டான். அப்படியே எழுதிருவோம்.”

ஒருவர் உடனே ஆமாம் என்றார். இன்னொருவர் வீரணன் கையில் ஒருமுறை கட்டிங் பிளேயரைப் பார்த்ததாகவே சொன்னார்.

பீடி என்றால் வெறும் சந்தேகம். ஒயர் என்றால் என் வாயிலிருந்து வந்த சாட்சி. ஒரு மனிதனைக் காப்பாற்றும் என்று நினைத்துத் தேடி எடுத்த ஒயரையே அவர் கழுத்தில் சுற்றுகிறார்கள். துருப்பிடித்த போல்ட்டு ஓரிடத்தில் வழியை அடைத்தால் கரண்ட் வேறு வழியாக இறங்கும் என்று சொன்னேனே. அன்று அந்தத் தோட்டத்தில் பழி அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. எந்த வழியாகப் போனாலும் அது போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான்.

சரவணனைப் பார்த்தேன். இப்போது அவன் என்னைப் பார்த்தான். அந்த இணைப்பை நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். சொல்லாதே என்று அவன் கண் கேட்டதா, சொல்லிவிடு என்று கேட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. தாய்க்குக் கொள்ளி வைத்துப் பத்து நாள் கழிந்த மகனிடம், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பங்காளிகளுக்கு நடுவில், உன் கை வேலைதான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. சொல்லாவிட்டால் சாயங்காலம் வீரணன் பெயர் எழுதப்படும். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கை இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கிறது.

அப்போதுதான் சித்தப்பா சொன்னது திரும்ப மண்டைக்குள் ஓடியது.

“பெரியப்பா, ஒண்ணு கேக்கலாமா?” என்றேன். “சாமி ஒயருன்னு சொல்றாகளே, அத வீரணண்ணே கையாலயா மாட்டுனாரு?”

பெரியப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

“என்ன தம்பி பேச்சு இது? அவன் எப்படித் தொடுவான்? வண்டிய வேலியோரம் நிப்பாட்டிட்டு அங்கிட்டு வெளிய நிக்கிறதோட சரி. சாமி சாமான்ல அவன் கை பட விட்ருவமா நாங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீரணன்தான் மாட்டினார் என்று எழுத வேண்டுமானால், குலதெய்வத்துக்கு எடுத்த ஒயரை அவர் தொட்டார், நாங்கள் தொட விட்டோம் என்று ஊரறிய எழுத வேண்டும். பெரியப்பா எதை வேண்டுமானாலும் எழுதுவார். அதை எழுத மாட்டார்.

“அப்ப அவர் மாட்டல” என்றேன்.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பிக்கு எந்த ஊரு?”

“மதுரைதான்.”

“மதுரையில எந்தப் பக்கம்? அப்பா எந்த ஊருலருந்து வந்தாக?”

எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பழங்காநத்தத்தில் பட்டறை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மட்டும் சொன்னேன். “பட்டறைக்காரவுகளா” என்று சொல்லி அவர் எழுந்துவிட்டார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. யார் மாட்டியது என்று அங்கே யாரும் மறுபடி கேட்கவில்லை. வருசா வருசம் எல்லோரும் சேர்ந்து செய்வதுதானே என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னார். எல்லோரும் சேர்ந்து செய்ததென்றால் யாரும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது.

ஸ்டேஷனில் பிறகு விபத்து என்றுதான் முடிந்தது.

பைக்கைக் கிளப்பும்போது சரவணன் வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

“ஜாயின்ட்டப் பாத்துட்ட.”

“பாத்தேன்.”

“பியூஸ் வாங்கித்தான் வச்சிருந்தேன் மாப்ள. டேஷ்போர்டுலயே கிடந்துச்சு. சாமி வந்து ஆடிக்கிட்டு இருக்காக, லைட்டு இன்னும் எரியலன்னு ஆளாளுக்குச் சத்தம் போட்டாக. காலையில போட்டுக்கிரலாம்னு விட்டேன்.” ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். “நீ வராமயே இருந்திருக்கலாம்ல.”

நீதான் கூப்பிட்டாய் என்று நான் சொல்லவில்லை. வீரணண்ணனை ஒருமுறை போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை நான் செய்யவில்லை.

நான் செய்தது சரியா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. உண்மையைக் கண்டுபிடித்தேன், அதில் பாதியைச் சொன்னேன், மீதியை விழுங்கினேன். பெரியப்பாவிடம் நியாயம் பேசி அந்த மனிதரைக் காப்பாற்றவில்லை. எந்த அழுக்கால் அவரை வேலிக்கு வெளியே நிறுத்தினார்களோ, அதே அழுக்கை எடுத்துத்தான் அவரைக் காப்பாற்றினேன். அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. ஆனால் அன்று என் கையில் வேறு கருவி இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதைச் செய்யுங்கள். என்னைப் போலச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பழைய கார் பட்டறைக்கு வந்தால், என்ன கோளாறு என்று வண்டியின் முதலாளியிடம் கேளுங்கள். பிறகு அவர் டீ குடிக்க நகர்ந்ததும் ஓட்டுகிறவரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். அண்ணே, இந்த வண்டியில உங்களத் தொடக்கூடாதுன்னு சொன்ன இடம் ஏதாச்சும் இருக்கா? நான் இதை ஒவ்வொரு வண்டிக்கும் கேட்பதைப் பார்த்துப் பட்டறையில் கேலி செய்திருக்கிறார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

வீரணண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் உள்பக்கமாக வளைந்து தோல் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அவர் மனைவி ஒரு டம்ளர் காப்பியை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அவர் வாயருகே பிடித்துக்கொண்டார். சரவணன் வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். சரவணன் ஒருநாள் வந்தானாம். வாசலில் நின்று அழுதானாம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டானாம்.

“ஒயர் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“வேலிக்கு இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“அப்புறம் ஏன் யார்ட்டயும் சொல்லல?”

அவர் சிரித்தார். “நான் சொல்லி யாரு நம்புவா தம்பி? அடிதான் விழுந்திருக்கும்.”

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்தில் நடந்த பேச்சு அவர் காதுக்கு வந்திருக்கிறது.

“நான் தொட மாட்டேன்னு சொல்லித்தான் என்னயத் தப்பிக்க வச்சீகளாம்ல. நல்லது. ஆனா தம்பி, வண்டி கழுவுற அன்னைக்கெல்லாம் சீட்டுக்கு அடியில ரப்பர் காஞ்ச வாடை அடிக்கும். அந்த ஒயரப் பாப்பேன். கை போகும், இழுத்துக்கிருவேன். தொட விட்டிருந்தாகன்னா என்னைக்கோ பிடுங்கி எறிஞ்சிருப்பேன். அம்மா இருந்திருப்பாக.”